அணு நிறை

அணு என்றால் மிக நுண்ணியது. வடமொழி வழியாக வந்து நம்மோடு கலந்துவிட்ட சொல். நிறை நம் சொல். நிறுப்பதால் நிறை, தராசுக்கு நிறைகோல் என்றே பெயர் உண்டு. இலங்கைப் பாடநூல்கள் அணுத்திணிவு என்கின்றன. அங்கே நிறை என்றால் எடை. திணிவு அருமையான சொல், திணிந்து கிடக்கும் பொருளைக் கண்முன் காட்டிவிடுகிறது.

அணுவை எந்தப் படிக்கல் வைத்து நிறுப்பது? கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கை 1961-இல் படிக்கல்லாக ஏற்றார்கள். அந்தக் கல்லுக்கு ஹைட்ரஜன் ஏறக்குறைய 1, ஆக்சிஜன் 16. குளோரின் 35.5. அரை எங்கிருந்து வந்தது? அரைத்துகள் எதுவும் அதில் இல்லை. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நான்கு அணுவுக்கு ஏறத்தாழ மூன்று 35, ஒன்று 37. கூட்டினால் 142, நான்கால் வகுத்தால் 35.5.