தரைமேல் ஒரு தீவு: சுங்கை பூலோ தொழுநோயாளர் கிராமம்

சனிக்கிழமை காலையில் சுங்கை பூலோ மருத்துவமனைப் பக்கம் போயிருக்கிறீர்களா? சாலையின் இரண்டு பக்கமும் செடிக்கடைதான். காகிதப்பூ, ரோஜா, துளசி, கறிவேப்பிலைக் கன்று, அடுக்கடுக்காகப் பூச்சட்டிகள். பள்ளித் தோட்டத்துக்குச் செடி வாங்க மாணவர்கள் சிலரோடு ஒருமுறை அங்கே போனேன். வேனில் இருந்த படிவம் நான்கு மாணவன் ஒருவன், "டீச்சர், ஏன் எல்லாச் செடிக்கடையும் இந்த ஒரே இடத்துல இருக்கு?" என்று கேட்டான். "மண்ணு நல்லா இருக்கும்டா" என்று பக்கத்தில் இருந்தவன் பதில் சொல்லிவிட்டான். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் செடி வாங்கின மாதிரிதான். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நம் மாணவர்களுக்கு 'தொலைதூரத் தீவுக் கிராமம்' என்று தலைப்புக் கொடுத்தால் உடனே படகு, மண்ணெண்ணெய் விளக்கு, மருத்துவமனை இல்லாத ஊர் என்று எழுதுவார்கள். தப்பில்லை. ஆனால் கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே, கடலே இல்லாமல் ஒரு தீவு இருந்தது. அதைச் சுற்றி இருந்தது மலையும் காடும் சட்டமும். உள்ளே போனவர் நினைத்தபோது வெளியே வர முடியாது.

முதலில் நிஜத் தீவிலிருந்து தொடங்குவோம். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் ஆட்சி அங்கே தொழுநோயாளர் காப்பகம் அமைத்தது. கப்பலில் வந்து இறங்கிய நம் மக்களில் பலரை நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்ததும் அதே தீவில்தான். நோய் என்றால் கடலுக்கு அப்பால் தள்ளிவிடு என்பதுதான் அன்றைய சிந்தனை. கோலாலம்பூரில் தீவு ஏது? செத்தாப்பாக் பக்கம் ஒரு காப்பகம் இருந்தது. பேருக்குத்தான் காப்பகம். நோயாளிகளை அடைத்து வைக்கும் இடம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர் டாக்டர் எர்னஸ்ட் டிராவர்ஸ். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் ஜாலான் டிராவர்ஸ் என்ற பெயர்ப்பலகையைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்தப் பெயர் இவருடையதுதான். சிலாங்கூரின் அரசாங்க மருத்துவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கோலாலம்பூர் காப்பகத்தின் பொறுப்பை ஏற்று, நோயாளிகளைக் கைதிகள்போல் நடத்தக்கூடாது என்று வாதாடினார். காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு, செய்வதற்கு வேலை, விளையாட்டு, பள்ளி இவையெல்லாம் மருந்தைப் போலவே முக்கியம் என்பது அவர் கருத்து.

ஆனால் இதையும் கவனியுங்கள். 1926இல் வந்த தொழுநோயாளர் சட்டம், நோய் இருப்பதாக உறுதியானவரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தலாம் என்றது. ஆக, டிராவர்ஸின் கனிவும் அரசின் கட்டாயமும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் சுங்கை பூலோ குடியிருப்பு. தேர்வில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் எழுதினதாக ஆகும்.

1930இல் குடியிருப்பு திறக்கப்பட்டது. புக்கிட் லாகோங் காட்டின் அடிவாரத்தில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு, சுமார் 560 ஏக்கர். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பேசப்பட்ட 'தோட்ட நகரம்' என்ற திட்டத்தைப் பின்பற்றி ஊரை வரைந்தார்கள். நீளமான வார்டுகளுக்குப் பதிலாக வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் சுற்றிக் கொஞ்சம் நிலம். அந்தக் கொஞ்சம் நிலத்தை மறந்துவிடாதீர்கள், செடிக்கடைக் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

யார் வந்தார்கள்? சீனர், மலாய்க்காரர், தமிழர், எல்லா இனத்தவரும். தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பாட்டாளிகள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அன்று மலாயாத் தமிழர்களில் பெரும்பகுதி தோட்டத்தில்தானே இருந்தது! எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. என் பாட்டிக்கு ஓர் அண்ணன். பால்மரம் வெட்டுகிறவர். கையில் தேமல் மாதிரி ஒரு தடம். அந்த இடத்தில் எறும்பு கடித்தாலும் தெரியவில்லையாம். தோட்டத்து டிரஸ்ஸர் பார்த்தார், எழுதிக் கொடுத்தார், ஒரு நாள் வண்டி வந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. கல்யாணப் பேச்சு வந்தால், "நாங்க நாலு பிள்ளைங்க" என்றுதான் பாட்டி சொல்வார். அவர்கள் ஐந்து பேர். இதைப் பாட்டி என்னிடம் சொன்னது அவர் இறப்பதற்கு முந்தின வருடம்தான். அண்ணன் பேரை அப்போதும் சொல்லவில்லை.

இந்த மௌனம் எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. இதை வாசிக்கிற உங்களில் சிலர் வீட்டிலும் இருக்கலாம். வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொல்கிறோமே, அதில் காணாமல் போன கிளைகளும் உண்டு என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

சரி, உள்ளே வாழ்க்கை எப்படி இருந்தது? ஒரு முழு ஊர் இருந்தது. கோயில், மசூதி, தேவாலயம், சீனக் கோயில் எல்லாம் இருந்தன. பிள்ளைகளுக்கு டிராவர்ஸ் பெயரிலேயே பள்ளி. சாரணர் இயக்கம், விளையாட்டுத் திடல், கடைகள், குடியிருப்பாளர்களின் மன்றம். ஊருக்குள்ளேயே ஒரு சிறைச்சாலையும் இருந்தது. ஆசிரியர், தாதி உதவியாளர், கிராணி, காவலர் என்று பல வேலைகளை நோயாளிகளே செய்து படி வாங்கினார்கள். பணமும்கூடத் தனி. நோயாளிகள் தொட்ட நோட்டு வெளியே போனால் நோய் பரவும் என்ற பயத்தில் 1936இல் 5 காசு, 10 காசு, 1 வெள்ளி என்று குடியிருப்புக்கு மட்டுமே செல்லும் பணத்தாள்களை அச்சடித்தார்கள். சில ஆண்டுகளில் அது தேவையில்லை என்று தெரிந்து அவற்றை அழித்துவிட்டார்கள். இன்று பழைய நோட்டுச் சேகரிப்பவர்கள் அந்த அபூர்வத் தாள்களைத் தேடி அலைகிறார்கள். ஒரு காலத்தில் தொடவே பயந்த காகிதம்!

மருந்து என்று பார்த்தால் ஆரம்பத்தில் நீரடிமுத்து எண்ணெய்தான். நம் சித்த மருத்துவத்திலும் உள்ள அதே நீரடிமுத்துதான். அந்த வகை எண்ணெயை ஊசியாகப் போடுவார்கள். வலி உயிர் போகும், பலனோ கொஞ்சம்தான். பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. வெளி ஊரிலேயே மரவள்ளிக் கிழங்கு தின்று பிழைத்த காலம் அது. அடைபட்ட ஊரில் என்ன நடந்திருக்கும்? உணவும் மருந்தும் இல்லாமல் பலர் இறந்தார்கள். பின்னே, 1940களின் இறுதியில் டாப்சோன் மாத்திரை வந்து நிலைமையை மாற்றியது. நோய் குணமாகும் என்ற நம்பிக்கை முதல்தடவையாக அப்போதுதான் வந்தது. 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று இந்த இடத்தை இன்று அழைக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே இருந்தவர்கள் காதலித்தார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். பிறந்த குழந்தைக்கு நோய் தொற்றிவிடும் என்று சொல்லித் தாயிடமிருந்து பிரித்தார்கள். சொந்தக்காரர்கள் வாங்கிக்கொள்ளாத குழந்தைகளைக் குழந்தைகள் இல்லத்தில் வளர்த்தார்கள், தத்துக் கொடுத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் தாயைத் தேடி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்நாட்டில் புத்தகம் வந்திருக்கிறது. தேடாமலே இருந்துவிட்டவர்கள் எத்தனையோ.

அறிவியல் வரலாற்றிலும் இந்த ஊருக்கு இடம் உண்டு. 1950களின் இறுதியில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இங்கே ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியது. டாப்சோன் மாத்திரைக்கு அடங்காத கிருமிகள் உருவாகிவிட்டன என்பதை 1964இல் உலகுக்கு முதன்முதலாக நிரூபித்தது சுங்கை பூலோ நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுதான். பெட்டிட், ரீஸ் என்ற இருவர் அதை வெளியிட்டார்கள். ஒரே மருந்து போதாது என்ற எச்சரிக்கை அது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று உலகில் எங்கோ ஓர் ஊரில், நம் தமிழ்நாட்டிலும்தான், தொழுநோயாளி ஒருவர் மாத்திரையோடு வீட்டிலேயே இருந்து குணமாகிறார் என்றால் அதில் இந்தப் பள்ளத்தாக்கு மக்களின் பங்கும் இருக்கிறது. ஆய்வாளர் பெயர் நூலில் இருக்கும், நோயாளி பெயர் இருக்காது.

1969இல் குடியிருப்பு தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டு மையமாக ஆனது. அதே ஆண்டு ஜெரஜாக் தீவு சிறைத்தீவாக மாற, அங்கிருந்த நோயாளிகளை இங்கே கொண்டுவந்தார்கள். கடல் சூழ்ந்த தீவிலிருந்து காடு சூழ்ந்த தீவுக்கு. ஒரு காலத்தில் 2000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் இது. குணமானவர்கள் போகலாம் என்ற நிலை வந்தபோதும் பலர் போகவில்லை. எங்கே போவார்கள்? விரல் மடங்கிப்போனவருக்கு வேலை கொடுப்பது யார்? வீட்டுக்குப் போனால், "நாங்க நாலு பிள்ளைங்க" என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே!

அப்போதுதான் வீட்டைச் சுற்றி இருந்த அந்தக் கொஞ்சம் நிலம் கைகொடுத்தது. காய்கறி போட்டார்கள். இவர்கள் கைபட்ட காய்கறியைச் சாப்பிட வெளியே உள்ளவர்கள் யோசித்தார்கள். பூச்செடியைச் சாப்பிடப் போவதில்லையே! அப்படிப் பூச்செடியும் அலங்காரச் செடியும் இந்த ஊரின் தொழிலாக வளர்ந்தன. இன்று எல்லா நாற்றங்காலும் முன்னாள் நோயாளிகளுடையவை அல்ல, வெளியாட்களும் வந்துவிட்டார்கள். ஆனாலும் தொடங்கிவைத்தவர்கள் அவர்கள்தான். மண்ணு நல்லா இருக்கும் என்று சொன்ன மாணவனுக்கு இதுதான் என் பதில்.

இனி இந்த ஊருக்கு எதிர்காலம் என்ன? இங்கேதான் சிக்கல். வீடு கட்டிக் கொடுத்தார்கள், வாழ வைத்தார்கள், ஆனால் நிலம் அரசாங்கத்துடையது. 2006இல் பக்கத்தில் சுங்கை பூலோ மருத்துவமனை திறந்தது. கோவிட்-19 காலத்தில், 2020இல், நாடே அதன் பெயரைச் செய்தியில் கேட்டது. 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகளை இடித்தார்கள். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் அங்கே எழுந்தது. பத்திரிகைகளில் எதிர்ப்பு வந்தது, கட்டடக் கலைஞர்களும் வரலாற்று ஆர்வலர்களும் குரல் கொடுத்தார்கள். மிச்சமிருக்கும் பகுதி பாரம்பரியச் சின்னமாக மதிக்கப்படுகிறது. 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும் இடம்பெற்றது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: கட்டடத்தைக் காப்பாற்றுவது நல்லது. ஆனால் நிலப் பட்டா இல்லாமல் அறுபது, எழுபது ஆண்டுகள் அதே மண்ணில் உழைத்தவருக்கு அந்த மண்ணில் என்ன உரிமை என்ற கேள்வி கட்டடத்தைவிடப் பெரியது. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்து வீட்டைக் காலி செய்த நம் சமூகத்துக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதே சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டம் குவாசா டாமன்சாரா நகரமாகிக்கொண்டிருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. இலக்கிய வகுப்பில் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையை நடத்தும்போது இலஞ்சி மன்றத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உடல் அழுகியவர்களும் வந்து குளித்து நலம் பெறும் பொய்கை அது. இளங்கோ அதைப் புகார் நகரின் மன்றங்களில் ஒன்றாக, ஊருக்கு உள்ளேயே வைத்திருக்கிறார். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தை அதன் பக்கத்தில் வைத்தால் வகுப்பில் நல்ல விவாதம் கிடைக்கும். சொல்லிலும் கவனம் வேண்டும். 'குஷ்டரோகி' என்று மாணவர் எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போய்விடாமல், 'தொழுநோயாளர்', 'முன்னாள் நோயாளி' என்று ஏன் எழுதுகிறோம் என்பதையும் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

தல வரலாற்றுத் திட்டப்பணிக்காக மாணவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அங்கே இன்னமும் முதியவர்கள் வாழ்கிறார்கள். கேமராவை முதலில் பையில் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் பேச விரும்பினால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். தேநீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள்.