மொத்தமே 6 கார்தான்... ஃபெராரியை வீழ்த்திய ‘டேடோனா கூப்பே’ 30 வருஷம் கிடங்கில் கிடந்தது ஏன்?

2019-ல் வெளியான ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ படம் பார்த்தவர்களுக்கு கரோல் ஷெல்பி என்ற பெயர் நினைவிருக்கும். அந்தப் படம் சொல்வது 1966 லே மான்ஸ் பந்தயத்தின் கதை. ஆனால் அதற்கு முந்தைய வருஷமே ஃபெராரியிடம் இருந்து ஓர் உலகப் பட்டத்தை ஷெல்பி பறித்துவிட்டார். அதற்குக் கைகொடுத்தது ‘ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பே’. மொத்தம் தயாரானதே 6 கார்கள். அதில் முதல் கார், சிஎஸ்எக்ஸ் 2287, பந்தயம் முடிந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் சுவாரஸ்யம்.

ஏன் உருவாக்கினார்கள்?

1959-ல் லே மான்ஸ் பந்தயத்தை வென்றவர் ஷெல்பி. இதய நோயால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கார் தயாரிப்பில் இறங்கினார். பிரிட்டனின் ஏசி நிறுவன காருக்குள் ஃபோர்டின் வி8 இன்ஜினை வைத்தார். பிறந்தது கோப்ரா.

வளைவுகள் நிறைந்த அமெரிக்கப் பந்தயங்களில் கோப்ரா பின்னி எடுத்தது. ஆனால் லே மான்ஸில் சுமார் 6 கி.மீ. நீள நேர்சாலை உண்டு. மேற்கூரை இல்லாத கோப்ரா அங்கே காற்றைக் கிழிக்க முடியாமல் மணிக்கு 260 கி.மீ. வேகத்திலேயே திணறியது. ஃபெராரி 250 ஜிடிஓ-வோ 290 கி.மீ.-ஐ நெருங்கியது.

27 வயது இளைஞரின் ஐடியா

அப்போதைய விதிப்படி, அதே சேசிஸ் மீது வேறு பாடியைப் பொருத்தலாம். இதைப் பிடித்துக்கொண்டார் ஷெல்பியிடம் வேலை பார்த்த பீட்டர் பிராக். தாழ்வான கூரையும், கத்தியால் வெட்டியது போன்ற பின்பக்கமும் கொண்ட ஒரு பாடியை வரைந்தார். நீண்ட வாலின் பயனை வெட்டிய வாலே தரும் என்பது ஜெர்மனியின் வுனிபால்ட் காம் 1930-களில் செய்த ஆய்வு.

பட்டறையில் பலர் இதை நம்பவே இல்லை. டெஸ்ட் டிரைவர் கென் மைல்ஸ் மட்டும் பிராக் பக்கம் நின்றார். 1964 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்தபோது, 4.7 லிட்டர் இன்ஜினோடு கார் 300 கி.மீ. வேகத்தை நெருங்கியது. சந்தேகம் அதோடு தீர்ந்தது.

மற்ற 5 கார்களுக்கு பாடி கட்டியது இத்தாலியின் மொடெனா நகரில். ஃபெராரி ஆலைக்குப் பக்கத்து ஊர்!

சாதித்தது என்ன?

- 1964 பிப்ரவரி: டேடோனா பந்தயத்தில் முன்னிலையில் இருந்தபோது, பெட்ரோல் நிரப்பும் இடத்தில் தீப்பிடித்து வெளியேறியது 2287. கூப்பேவுக்குப் பெயர் தந்தது இந்த ஊர்தான்.
- 1964 மார்ச்: செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஜிடி பிரிவில் 2287-க்கு முதலிடம்.
- 1964 ஜூன்: லே மான்ஸில் வெளி பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்ததால் 2287 தகுதிநீக்கம். இன்னொரு டேடோனா கூப்பே ஜிடி பிரிவை வென்றது.
- 1965 ஜூலை 4: பிரான்ஸின் ரெய்ம்ஸில் ஜிடி உலகப் பட்டம் உறுதியானது. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர் இதை வென்றது அதுவே முதல்முறை. அன்றைக்கு அமெரிக்க சுதந்திர தினம் வேறு!
- 1965 நவம்பர்: பொன்னவில் உப்புச் சமவெளியில் கிரெய்க் பிரீட்லவ் ஓட்டி, 20-க்கும் மேற்பட்ட வேக சாதனைகளை 2287 படைத்தது.

அப்புறம் ஏன் யாரும் கண்டுக்கவில்லை?

அடுத்த சீசன் வந்தால் பழைய ரேஸ் கார் வெறும் பழைய கார்தான். ஃபோர்டின் கவனம் ஜிடி40 பக்கம் போனது. 2287 சில ஆயிரம் டாலருக்குக் கைமாறி, இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் வந்தது. உள்ளே உட்கார்ந்தால் அடுப்பு மாதிரி சூடு, காதைப் பிளக்கும் சத்தம். ஊருக்குள் ஓட்ட லாயக்கில்லாத வண்டி. கடைசியில் தன் மெய்க்காப்பாளரிடம் 1,000 டாலருக்குத் தள்ளிவிட்டார்.

பிறகு அது மெய்க்காப்பாளரின் மகளிடம் போனது. அவர் அதை கலிபோர்னியாவில் ஒரு கிடங்கில் வைத்துப் பூட்டினார். வாங்க ஆள் தேடி வந்தும் கொடுக்கவில்லை. 2000-ல் அவர் இறந்த பிறகுதான் கார் வெளியே வந்தது. யாருக்குச் சொந்தம் என்று கோர்ட் வரை வழக்கும் போனது.

இப்போது எங்கே?

பிலடெல்பியாவில், நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் ஃபிரெட் சிமியோன் உருவாக்கிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் வாகனம் இதுதான். அதன் ஆவணங்கள் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

புது பெயின்ட் அடித்துப் பளபளவென்று மாற்றாமல், பந்தயக் காலத் தழும்புகளோடு அப்படியே பாதுகாக்கிறார்கள். எந்தப் பகுதி எப்படிக் கட்டப்பட்டது, எங்கே அடி வாங்கியது என்பதற்கு அந்தத் தழும்புகள்தான் சாட்சி. ஒருமுறை தேய்த்து அழித்தால் திரும்ப வராது. யாராவது ஆசையாக வாங்கிப் புதுப்பித்திருந்தால் அந்தச் சாட்சி எப்போதோ போயிருக்கும். 30 வருஷம் பூட்டிக் கிடந்ததுதான் இந்தக் காரைக் காப்பாற்றியிருக்கிறது.