கடாரத்து மனைகளில் காவற்பொருள்: பேழையும் முடிச்சும்

முன்னுரை

வீட்டின் அடித்தளத்திலோ நிலைப்படியின் கீழோ காவற்பொருளை மறைத்து வைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் காணப்படுகிறது. இதனை மூடநம்பிக்கை என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், எப்பொருள் எவ்விடத்தில் வைக்கப்பட்டது என்று நோக்குமிடத்து, அவ்வீடு யாருக்கு உரியதாக இருந்தது என்னும் வரலாறும் உடன் புலப்படுகிறது. கெடா மாநிலச் சான்றுகளைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கோயிலின் அடியில்

மெர்போக்கை அடுத்த பூசாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பகாட் கோயிலை குவாரிச் வேல்ஸ் 1936–37இல் அகழ்ந்தார். பின்னர் 1959–60இல் அலஸ்டைர் லேம்ப் தலைமையில் அது மீண்டும் அகழப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. அப்போது கருங்கற் பேழைகள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றிலும் நடுவே ஒன்றும் சுற்றிலும் எட்டுமாக ஒன்பது குழிகள் இருந்தன. பொன்னும் மணிக்கற்களும் உள்ளே இடப்பட்டிருந்தன.

சிற்ப நூல்கள் இச்சடங்கினைக் கருப்பந்நியாசம் என வழங்கும். மயமதம் இதனைக் கோயிலுக்கு மட்டுமன்றி மாந்தர் மனைக்கும் விதிக்கின்றது. தமிழகத்தில் வீடு கட்டுவோர் நிலை வைக்கும் நாளில் நவதானியமும் நாணயமும் இட்டு வழிபடுவது இதனோடு ஒப்பிடத்தக்கது.

மலாய் மக்களிடமும் இதற்கு இணையான வழக்கம் இருந்தது. வால்ட்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மந்திரவியல் நூலில், வீட்டின் நடுத்தூணுக்குத் தோண்டிய குழியில் பதிமுகக் கட்டை, கருங்காலி, பெருங்காயம், இரும்புத் துண்டு ஆகியவை இடப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். பெருங்காயத்தைக் குறிக்கும் 'இங்கு' என்னும் மலாய்ச் சொல் வடமொழி 'ஹிங்கு' என்பதன் திரிபாகும்.

லயத்து வீடும் காவலும்

இப்பேழைகளையும் தோட்டப்புற வழக்கங்களையும் ஒரே நேர்கோட்டில் இணைத்தல் தகாது. பள்ளத்தாக்கின் கோயில்கள் கைவிடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே இன்றைய தோட்டத் தமிழரின் முன்னோர் இங்கு வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது கங்காணிகள் வழியாக அவர்கள் பெருந்தொகையாகக் கொணரப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்ததும் அவ்வருகை நின்றது. அவர்கள் கொண்டுவந்தது தம் ஊர்களின் வழக்கமே ஆகும்.

அவ்வழக்கத்தை இங்கு முழுமையாகச் செய்ய இயலவில்லை. பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் வாழ்ந்த லயங்களைக் கட்டியது நிர்வாகம். அடித்தளம் இடும் நாளில் குடியிருக்கப் போகிறவர் அங்கு இல்லை. வேலை போனால் வீடும் போகும். நிலை வைக்கும் உரிமையே இல்லாதவர் நிலையின் கீழ் எதனைப் புதைப்பர்?

ஆகவே காவற்பொருள் மண்ணிலிருந்து மேலே ஏறியது எனக் கொள்ளலாம். மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை நாணயம், மந்திரித்த செப்புத் தகடு, படிகாரம், எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம் ஆகியவை வாசலின் மேலும் கூரை இடுக்கிலும் இடம்பெற்றன. இவை யாவும் கழற்றி எடுத்துச் செல்லத்தக்கவை. குடும்பம் வேறு தோட்டத்திற்குப் பெயரும்போது காவலும் உடன் பெயரும். தனி மனைக்குரிய காவலின் ஒரு பகுதியைத் தோட்டத்து மாரியம்மனும், எல்லையில் நின்ற முனியாண்டியும் மதுரைவீரனும் ஏற்றனர்.

மண்ணில் புதைந்த பொருளோ அச்சத்திற்குரியதாகவே நின்றது. நோயோ தொடர் இழப்போ நேர்ந்தால், பகைவர் வாசலில் ஏதோ புதைத்துச் செய்வினை செய்துவிட்டனர் என்று ஐயுற்று, அதனைத் தோண்டி எடுக்கப் பூசாரியை அழைப்பர். புதைத்தல் என்னும் செயல் ஒன்றே. தன் மண்ணில் தானே புதைத்தால் காவல், பிறர் புதைத்தால் கேடு. தனக்கென மண் இல்லாதவர்க்கு எஞ்சியது இரண்டாவதே.

தாமான் வீடுகளிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. இன்று வீடு சொந்தமானது. எனினும் அடித்தளம் மேம்பாட்டாளர் இட்டதே. எனவே புதுமனைப் புகுவிழாவில் பூசணிக்காயும் தகடும் வாசலிலேயே தொங்குகின்றன.

முடிவுரை

இங்கிலாந்தில் பழைய வீட்டுச் சுவர்களிலும் புகைபோக்கிகளிலும் மறைத்து வைக்கப்பட்ட காலணிகளுக்கு நார்தாம்டன் அருங்காட்சியகம் தனிப் பதிவேடு ஒன்றைப் பேணி வருகிறது. எக்காலத்தது, எவ்விடத்தில் கிடைத்தது என்பனவற்றை அது குறிக்கிறது. நம்மிடையே அத்தகைய பதிவு மிகவும் தேவைப்படுகிறது. 2013இல் பூசாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் கோயில் நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. கல்லாலான சான்றுக்கே அந்நிலை எனில், மரத்தாலான லயங்களின் நிலை சொல்லாமலே விளங்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் குடியிருப்புக்கும் மாறியும் வந்த காலத்தில் பல லயங்கள் தரைமட்டமாயின. வாசல் முடிச்சுகளும் அவற்றோடு குப்பையாயின.

தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு தாத்தா பாட்டியரிடம் மூன்று வினாக்களைக் கேட்கச் செய்யலாம்: வாசலில் என்ன கட்டினீர்கள்? யார் கட்டினார்? வீடு மாறியபோது அதனை என்ன செய்தீர்கள்? மூன்றாம் வினாவின் விடையில் நம்பிக்கையைவிடக் குடிபெயர்வின் வரலாறே மிகுதியாக இருக்கும். அவ்விடைகளைக் கூறவல்லோர் நம்மிடையே உள்ளபோதே அவற்றைத் தொகுத்தல் நம் கடனாகும்.