துபாஷி இல்லாத மொழி

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. அதன் பிறகான சரித்திரம் கவர்னர்களின் சரித்திரமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. துபாஷிகளின் சரித்திரமாகவும் அதை எழுதலாம். புதுச்சேரியில் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு, இரு பாஷைகளுக்கு நடுவில் நிற்பவன் எவ்வளவு பெரிய ஸ்தானத்தில் இருந்தான் என்பது தெரியும். கம்பெனிக்குத் துணி வேண்டும். வியாபாரிக்குப் பணம் வேண்டும். நடுவில் நிற்பவன் தப்பாகச் சொன்னால் கப்பல் காலியாகத் திரும்பும். ஆக, மொழிபெயர்ப்புக்கு மதிப்பு வருவது நஷ்டம் யாருக்கு என்பதைப் பொறுத்து. கேட்க வேண்டியவனுக்கு நஷ்டமில்லை என்றால் துபாஷிக்கு வேலையுமில்லை, சம்பளமுமில்லை.

காது கேளாதவர்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். அதையும் பிரான்ஸிலிருந்தே தொடங்கலாம்.

1760-களில் பாரிஸில் லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் இலவசமாகப் பள்ளி நடத்தினார். சைகை மொழியைக் கண்டுபிடித்தவர் அவர் என்று சொல்வது வழக்கம். சரியல்ல. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததை அவர் பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்டு, அதன் மேல் பிரெஞ்சு இலக்கணத்தை ஏற்றினார். 1834-இல், தானே காது கேளாதவரான ஃபெர்தினான் பெர்தியே அந்தப் பாதிரியாரின் பிறந்தநாளை ஒட்டி ஒரு விருந்து கூட்டினார். பிறகு அது வருஷாவருஷம் நடந்தது. உலகத்தில் காது கேளாதவர்கள் தங்களை ஒரு மொழியின் மக்களாக முன்வைத்துக்கொண்ட முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அந்தப் பந்தியில் அந்நியர்கள் காது கேட்பவர்கள்தான்.

ஆனால் சட்டம் வேறு மாதிரி யோசித்தது. 1808-ஆம் வருஷத்துப் பிரெஞ்சுக் குற்றவியல் விசாரணைச் சட்டத்தில் ஒரு விதி. குற்றம் சாட்டப்பட்டவர் காது கேளாதவராக, எழுதத் தெரியாதவராக இருந்தால், அவரோடு பேசி அதிகப் பழக்கமுள்ள ஒருவரை நீதிபதி மொழிபெயர்ப்பாளராக நியமிக்க வேண்டும். ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நினைத்ததே பெரிய விஷயம்தான். 1872-இல் இங்கே வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு அதைக்கூட நினைக்கவில்லை. பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ சொல்லலாம், அது வாய்ச் சாட்சியமாகவே கருதப்படும் என்பதோடு நின்றுவிட்டது. அந்தச் சைகை நீதிபதிக்கு எப்படிப் புரியும் என்பது சட்டத்தின் கவலையாக இல்லை.

பிரெஞ்சு விதியில் என்னை உறுத்துவது ‘பழக்கம்’ என்ற தகுதி. அதிகப் பழக்கம் யாருக்கு இருக்கும்? அம்மாவுக்கு, அண்ணனுக்கு, வயலுக்கு வரப்புப் பங்காளியாக இருப்பவனுக்கு.

2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் வழக்கு இதைச் சந்திக்கு இழுத்தது. கணவன் கொலையுண்ட வழக்கில் மனைவி சாட்சி. காது கேளாதவர், பேசாதவர். கூண்டில் அவர் சைகை செய்தார். அவருடைய தகப்பனார் அதை வாயால் சொன்னார். தகப்பனாருக்குப் பிரமாணம் செய்து வைத்ததாகப் பதிவில் எதுவும் இல்லை. அவர் சொன்ன அர்த்தம்தான் பதிவாயிற்று, சைகைகள் பதிவாகவில்லை. விடுதலைக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அந்தச் சாட்சியம் நிற்காமல் போனதற்கு இதுவும் ஒன்று. மூலம் தொலைந்துபோய் மொழிபெயர்ப்பு மட்டும் கையில் மிஞ்சிய கதை. காம்யுவைத் தமிழில் ஒரு வாக்கியம் பிசகிப் போட்டதற்காக இதே மாதிரிப் பத்திரிகைகளில் மூன்று இதழ்கள் சண்டை போடுகிறவர்கள் நாம். ஒரு கொலை வழக்கில் மூலப்பிரதியே இல்லாமற் போனது நமக்குச் செய்தியாகக்கூட வந்து சேரவில்லை.

நான் இருப்பது அம்பகரத்தூர். வேலை வங்கிக் குமாஸ்தா. ஒருநாள் காது கேளாத ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட மைத்துனரோடு வந்தார். பத்திரத்தைக் காட்டியதும் அவர் கைகள் வெகுநேரம் பேசின. முகம், புருவம், தோள் எல்லாமே பேசின. நடுவில் இரண்டு முறை தன் மார்பைத் தொட்டுவிட்டு மைத்துனரைச் சுட்டினார். “என்ன சொல்றார்?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல சார், சரிங்கறார்.” கடன் வாங்குகிறவர் அந்த மைத்துனர்தான். பழக்கம் என்ற தகுதி அவருக்கு நிறையவே இருந்தது. கையெழுத்தை அன்று வாங்க வேண்டாம் என்றேன். மேலே இருந்தவர்கள் மறுநாள் வாங்கிக்கொண்டார்கள்.

1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சே போதும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. அங்கே உட்கார்ந்திருந்த பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். உலகெங்கும் பள்ளிகளில் சைகை தடைப்பட்டது. நமக்கு மிலான் தேவைப்பட்டிருக்காது. ஐந்து வயதுவரை பேசாத குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து கலிவெண்பா பாடினார், காஞ்சியில் மூககவி. நம் கதைகளில் பேசாதவனுக்குக் கிடைக்கிற ஒரே வரம் குரல். அவன் கையைப் படிக்கிற வரம் எதிரில் இருப்பவனுக்குக் கிடைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. புதுக்கவிதைக்காரர்களும் இதில் விலக்கல்ல. ‘ஊமைத் துயரம்’ என்று எழுதி முடித்து மௌனத்தின் ஆழத்தில் திளைக்கிறோம். மௌனம் நம்முடையது, அவர்களுடையதல்ல. அவர்களிடம் இருப்பது மொழி.

இதை நம்மைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் அவர்களே. சைகை மொழிக்கென்று 2011-இல் இக்னோவில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் 2013-இல் நின்றுபோயிற்று. 2015-இல் அதைக் காது கேளாமைக்கான மும்பை தேசிய நிறுவனத்தோடு இணைக்க அரசு முடிவு செய்தபோது காது கேளாதவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். காதைச் சோதிக்கும் இடத்துக்குக் கீழே ஒரு மொழியை வைக்காதே என்பதுதான் அதன் சாரம். அந்த வருஷம் செப்டம்பரில் தனி மையம் டெல்லியில் அமைந்தது. பல பெரிய ஊர்வலங்கள் சாதிக்காததை இது சாதித்தது என்பது என் அபிப்பிராயம். ஒரு ஊனம் என்ற தலைப்பிலிருந்து ஒரு மொழி வெளியே வந்தது.

2013-இல் 119-ஆம் பிரிவு திருத்தப்பட்டது. வாயால் சொல்ல இயலாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பு ஆசிரியரையோ நீதிமன்றம் வைத்தே ஆக வேண்டும், சாட்சியத்தை வீடியோவில் எடுக்க வேண்டும். மூலத்தைக் காப்பாற்றும் வழி ஒருவழியாகக் கிடைத்தது. 2024 ஜூலை முதல் அமலான புதிய சாட்சியச் சட்டத்திலும் இது இருக்கிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி மொழிபெயர்ப்பாளர் மூலம் உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார்.

ஆனால் டிப்ளோமா படித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நாளைக்கே காரைக்கால் கோர்ட்டுக்கு வந்தாலும் வேலை முடிந்துவிடாது. பள்ளிக்கே போகாமல் வீட்டுக்குள் வளர்ந்தவருக்கு இந்திய சைகை மொழி தெரியாது. அவரிடம் இருப்பது தாயும் அவரும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட சைகைகள். 1970-களில் உட்வர்டும் வசிஷ்டாவும் சைகைகளைச் சேகரித்த நகரங்கள் டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர். தெற்கே நம் பக்கம் அவர்கள் வரவில்லை. இப்படிப்பட்ட சாட்சிக்கு வெளிநாடுகளில் இரண்டு பேரை நிறுத்துகிறார்கள். வீட்டுச் சைகையைப் பிடித்து முறையான சைகை மொழிக்குக் கொண்டுவர, பயிற்சி பெற்ற, தானே காது கேளாதவரான ஒருவர். அங்கிருந்து பேச்சுக்குக் கொண்டுவர, காது கேட்கும் ஒருவர். முதலாமவருக்கும் சேர்த்துத்தான் பிரமாணம் செய்து வைக்க வேண்டும், படி கொடுக்க வேண்டும். மைத்துனர் அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.