படியெடுத்தலும் பெயர் காத்தலும்

எழுத்துத் தோன்றிய காலந்தொட்டே படியெடுத்தலும் இருந்து வருகிறது. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவரும் கணினித் திரையில் பக்கம் அமைப்பவரும் செய்யும் தொழில் ஒன்றே. ஓரிடத்தில் உள்ளதை வெட்டுதல், நகலெடுத்தல், வேறோரிடத்தில் ஒட்டுதல் என அதனை மூன்றாகப் பகுக்கலாம். கருவிகள் மாறின, படியெடுப்பவரின் பொறுப்பு மாறவில்லை. இம்மலருக்குக் கவிதைகளைத் தொகுத்தபோது என்னால் நேர்ந்த ஒரு பிழை இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது. அதனைக் கூறுமுன் இத்தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ஏடும் எழுத்தாணியும்

பனையோலைக்குக் கறையானும் ஈரமும் பகை. சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதப்படாத நூல் அழிந்தொழிந்தது. சங்க நூல்கள் இன்று நம் கையில் இருப்பதற்கு, பெயர் அறியப்படாத ஏடெழுதுவோர் பலரின் உழைப்பே காரணம்.

அவ்வுழைப்பு எளியதன்று. ஓலையில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. ஆகவே, பொருளுணர்ந்து படித்தாலன்றிப் பிழையின்றிப் படியெடுக்க இயலாது. பாட வேறுபாடுகள் பல இவ்வாறு பிறந்தவையே. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபின் சீவக சிந்தாமணியில் ஈடுபட்ட உ.வே. சாமிநாதையர், பல ஊர்களின் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டு அதனைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார். ஒரு படியை மட்டும் நம்பாமை இப்பதிப்பாசிரியர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடமாகும்.

எனினும் அவர்களாலும் மீட்க இயலாதது ஒன்றுண்டு. அது புலவரின் பெயர். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டில் வரும் உவமையைக் கொண்டே அவர் செம்புலப்பெயனீரார் எனப்பட்டார். நற்றிணையின் 284ஆம் பாடலைப் பாடியவர் தேய்புரிப்பழங்கயிற்றினார் ஆனதும் அவ்வாறே. பாட்டு நின்றது; பாடியவர் பெயர் மறைந்தது.

கத்தரிக்கோலும் பசையும்

அச்சுக்காலத்தில் வெட்டுதலும் ஒட்டுதலும் கையால் செய்யும் தொழிலாயின. பதிப்பாசிரியர்கள் கைப்படியைப் பத்தி பத்தியாகக் கத்தரித்து, வரிசை மாற்றிப் பசையிட்டு ஒட்டினர். ஒளியச்சுக் கோப்பு வந்தபோது தமிழ் இதழகங்களிலும் அச்சுத்தாளை வெட்டிப் பக்க அட்டையில் ஒட்டினர்.

இத்தொழில் திரைக்கு ஏறியது அமெரிக்காவில். 1968ஆம் ஆண்டு டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் திரையில் சொற்களை இடம் பெயர்த்துக் காட்டினார். 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் பாடநூல் பதிப்பாளர்களுக்காக ‘ஜிப்சி’ என்னும் எழுத்துச் செயலியை உருவாக்கினர். பதிப்பாசிரியர்கள் அறிந்த கத்தரிக்கோல், பசை வேலையின் பெயர்களையே கணினிச் செயல்களுக்கும் அவர்கள் வழங்கினர். ஆப்பிள் நிறுவனத்தின் லிசா (1983), மெக்கின்டாஷ் (1984) கணினிகள் வழியே இவை உலகெங்கும் பரவின. டெஸ்லர் 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கத்தரித்த தாள் மேசைமேல் கிடக்கும், கண்ணுக்குத் தெரியும். கணினியில் வெட்டிய பகுதியோ புலப்படாத நினைவகத்தில் தங்குகிறது. அங்குப் பொதுவாக ஒன்றற்கே இடம். அடுத்ததை வெட்டினால் முன்னது மறைந்துவிடும்.

தமிழர்க்கு வேறோர் இடரும் இருந்தது. 1990களில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறுபட்டது. ஒன்றில் தட்டச்சிட்டதை மற்றொன்றில் ஒட்டினால் பொருளற்ற குறிகளே தோன்றின. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாடு இதற்குத் தீர்வு தேடியது. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறியைத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டு ஏற்றது. இன்று ஒட்டிய எழுத்து பெரும்பாலும் சிதைவதில்லை. ஆனால், எழுதியவர் பெயர்?

நம் வட்டத்தில் நேர்ந்தது

பத்தாண்டுக் கூட்டங்களில் வாசிக்கப்பட்ட கவிதைகளை ஐயப்பன்தாங்கலில் என் இல்லக் கணினியில் தொகுத்தேன். பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். ஐயப்பன்தாங்கல் பேருந்து நிலையத்தில் கடைசிப் பேருந்தில் வந்திறங்கும் மகளுக்காகக் காத்திருக்கும் தாயைப் பற்றிய கவிதை அவற்றுள் ஒன்று. கவிதையை மட்டும் வெட்டியெடுத்தேன். தலைப்புக்கு மேலே தனிவரியில் இருந்த பெயர் அங்கேயே நின்றுவிட்டது. வேலை முடிந்ததென்று கருதிப் பழைய கோப்பையும் அழித்துவிட்டேன்.

மெய்ப்புப் பார்க்கையில்தான் பிழை தெரிந்தது. உறுப்பினர் பலரையும் வினவினேன். கவிதை நினைவிருக்கிறது என்றனர் அனைவரும். எவர் வாசித்தார் என்பதில் எவர்க்கும் தெளிவில்லை. தம்முடையது என்று உரிமை கோருவாரும் இலர். நம்மை விட்டுப் பிரிந்த அன்பர் ஒருவருடையதாக இருக்குமோ என்ற ஐயம் என்னை இன்றும் வருத்துகிறது. ஈராயிரம் ஆண்டில் ஏடெழுதுவோர் கையில் நேர்ந்த இழப்பு, என் கையில் ஒரு நொடியில் நேர்ந்தது. அவர்க்கேனும் கறையானைக் காரணம் காட்டலாம். எனக்கு அதுவும் இல்லை.

அக்கவிதை இம்மலரில் இடம்பெற்றுள்ளது. சங்கத் தொகையாசிரியர் வழிநின்று, பாடியவர் பெயரைக் ‘கடைசிப்பேருந்தார்’ என்று குறித்துள்ளேன். உரியவரை அறிந்தோர் தெரிவித்தால் அடுத்த பதிப்பில் திருத்தப்படும். பிழை முற்றிலும் என்னுடையது.

கவிஞர்களாகிய அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். பிறர் கவிதையைப் படியெடுக்கையில் பெயரை முதலில் எடுங்கள். கவிதையைப் பின்னர் எடுங்கள். ஒட்டிய இடத்தில் இரண்டும் இருக்கக் கண்ட பின்னரே பழைய படியை நீக்குங்கள்.