ஐரோப்பிய மொழிகளும் ஆங்கிலப் பல்கலைக்கழகங்களும்

இலத்தீனும் கிரேக்கமுமே உயர்கல்வியின் அடிப்படையாயிருந்த காலத்தில், 1724ஆம் ஆண்டு, முதலாம் ஜோர்ஜ் மன்னர் ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் நவீன வரலாற்றுப் பேராசிரியர் பதவிகளை நிறுவினார். தூதுப்பணிக்கேற்ற இளைஞரை ஆக்குவதே நோக்கமாதலின், வாழும் ஐரோப்பிய மொழிகளைக் கற்பிக்கவும் வழிவகுக்கப்பட்டது. எனினும் அம்முயற்சி விரைவில் தளர்ந்தது.

1903இல் ஒக்ஸ்போட்டில் இம்மொழிகளுக்குச் சிறப்புப் பாடநெறி அமைந்தபோதும், பழைய நூல்களும் சொல்லாராய்ச்சியுமே அதிற் பேரிடம் பெற்றன. அம்மொழிகளைப் பேசும் மக்களின் இன்றைய வாழ்வு புறத்தே நின்றது.

முதலாம் உலகப்போர் இக்குறையை வெளிப்படுத்திற்று. பகைநாட்டையும் நட்புநாட்டையும் ஒருங்கே அறியாதிருந்தமை புலப்படவே, அரசு 1916இல் ஸ்ரான்லி லீத்ஸ் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. மொழியோடு அம்மக்களின் வரலாறு, பொருளியல், அரசியல் நிறுவனங்கள் என்பனவும் கற்கப்படல் வேண்டுமென 1918இல் வெளியான அதன் அறிக்கை வலியுறுத்திற்று. இக்கருத்து உருப்பெற நெடுங்காலஞ் சென்றது. 1961இல் தொடங்கிய சசெக்ஸ் பல்கலைக்கழகமே ஐரோப்பிய ஆய்வுக்கெனத் தனிப்பிரிவு அமைத்து, மொழியையும் வரலாற்றையும் சமூகவியல்களையும் ஒருங்கிணைத்தது.

1987இல் எழுந்த எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்திலிருந்து பிரித்தானியா 2020 இறுதியுடன் விலகியது. போர் புகட்டிய பாடத்தை அமைதிக்காலம் மறத்தல் எளிதென்பதற்கு இதுவுமொரு சான்றாகும். மொழி வாயில் மட்டுமே. அதனூடே உட்புகுந்து மக்களை அறிதலே கல்வியின் பயனெனலாம்.