கிரியான் ஆறும் காற்பந்துப் பூசலும்

பாரிட் புந்தார் நகரில் கிரியான் ஆற்றங்கரையில் நின்று நோக்குவோர் ஒரே பார்வையில் இரண்டு மாநிலங்களைக் காணலாம். நிற்குமிடம் பேராக், எதிர்க்கரையில் தெரியும் பண்டார் பாரு கெடாவைச் சேர்ந்தது. வடக்கே சிறிது தொலைவு சென்றால் நிபோங் திபால். அது பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைப் பகுதியாகும். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சம்பந்தத்திற்கும் மக்கள் இம்மூன்று எல்லைகளையும் நாள்தோறும் கடக்கின்றனர். எல்லை என ஒன்று உண்டென்ற நினைவே அவர்களுக்கு வருவதில்லை. ஆயினும், மலேசியக் கிண்ண ஆட்டம் நடைபெறும் இரவில் அவ்வெல்லை திடீரென உயிர் பெற்றுவிடும். ஒரே தேநீர்க் கடையில் அருகருகே அமர்ந்திருப்போர் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பக்கமும், பச்சையும் மஞ்சளுமாக மறுபக்கமும் பிரிந்து போவர். இப்பிரிவினை எங்கிருந்து வந்தது?

உலகின் பிற பகுதிகளில் காற்பந்துக் கழகங்களுக்கிடையே உள்ள பகைமைக்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் மதமோ வர்க்கமோ குடிபெயர்ச்சியோ அடியில் கிடப்பதைக் காணலாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1872இல் ரேஞ்சர்ஸ் கழகமும் 1887இல் செல்டிக் கழகமும் தோன்றின. உருளைக்கிழங்குப் பஞ்சத்திற்குப் பின் அயர்லாந்திலிருந்து வந்து குவிந்த ஏழைக் கத்தோலிக்கர்களுக்கு உணவளிக்க நிதி திரட்டும் பொருட்டே ஒரு துறவி செல்டிக்கைத் தொடங்கினார். கல்கத்தாவில் 1889இல் மோகன் பகானும் 1920இல் ஈஸ்ட் பெங்காலும் தோன்றின. 1947இல் வங்கம் பிளவுண்டு கிழக்கிலிருந்து அகதிகள் வந்து சேர்ந்தபின், இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய கழகமே அவர்களுக்கு ஊராயிற்று. மோகன் பகான் வென்றால் இறாலும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்சா மீனும் சந்தையில் விலையேறும் என அங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மலாயாவின் நிலை வேறு. இங்குப் பகைமை ஒரே நகரின் இரு கழகங்களுக்கிடையே வேரூன்றவில்லை. மாநிலத்திற்கும் மாநிலத்திற்கும் இடையே வேரூன்றியது. அந்த மாநில எல்லைகளோ, பந்து இந்நாட்டில் உருளத் தொடங்குவதற்கு முன்பே, அரசர்களின் போர்களாலும் ஆங்கிலேயரின் ஒப்பந்தங்களாலும் வரையப்பட்டவை. வடபுலத்தில் இதனை மிகத் தெளிவாகக் காணலாம்.

சோழர் காலத்தில் கடாரம் எனத் தமிழர் அறிந்திருந்த கெடாவிடமிருந்து 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைப் பெற்றார். 1800இல் தீவுக்கு எதிரே மூடா ஆற்றுக்கும் கிரியான் ஆற்றுக்கும் இடைப்பட்ட கரையோரமும் கம்பெனியாரிடம் போயிற்று; அதற்கு வெல்லஸ்லி மாகாணம் எனப் பெயரிட்டனர். சயாமுக்கு எதிராகத் தனக்குப் பாதுகாப்பு கிட்டும் என்ற நம்பிக்கையில் கெடா சுல்தான் நிலத்தை விட்டுக் கொடுத்தார். அந்தப் பாதுகாப்பு வரவேயில்லை. மாறாக, 1818இல் சயாமின் கட்டளைப்படி கெடா பேராக்கின் மீது படையெடுக்க நேர்ந்தது. மூன்றாண்டு கழித்து, 1821இல், அதே சயாம் கெடாவையே தாக்கியது. சுல்தான் பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். ஏவியவனே பின்னர் அடித்த இக்கதையைக் கெடா மக்கள் எளிதில் மறந்திருக்க முடியாது.

கிரியான் மாவட்டம் இந்த மூவர் வழக்கின் நடுவே கிடந்த நிலம். கெடாவின் பிடியில் இருந்த இப்பகுதி, ஆங்கிலேயரின் தலையீட்டினால் 1848இல் பேராக்குக்குத் திரும்பியது. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கை பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்டை அமர்த்தியதோடு, வெல்லஸ்லி மாகாணத்தின் தெற்கெல்லையையும் திருத்தியது. இவ்வாறாக, பாரிட் புந்தார் மக்கள் தம் இருப்பிடத்தை விட்டு நகராமலேயே ஆட்சிகள் மாறின. 1896இல் பேராக் ஐக்கிய மலாய் நாடுகளில் ஒன்றாயிற்று. ஆற்றுக்கு அப்பால் பினாங்கு நீரிணைக் குடியேற்ற நாடாகவே நீடித்தது. கெடாவோ 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்து, அதன்பின்னரே ஆங்கிலேயர் பக்கம் வந்தது. ஒரு ஆற்றின் இரு கரைகளில் மூவகை ஆட்சி, மூவகைக் கொடி.

தமிழர் இங்கு வந்ததும் இக்காலத்திலேயே. வெல்லஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் கிரியானில் கூலா முதலிய கரும்புத் தோட்டங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக அவர்கள் வேலை செய்தனர். 1906இல் புக்கிட் மேரா நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறி நெல் வயல்கள் பெருகின. கரும்பு மெல்ல மறைந்து ரப்பர் வந்தது. ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தபின் கங்காணி முறையே ஆள் சேர்க்கும் வழியாக 1938 வரை நீடித்தது. ஊர் பெயர்ந்து வந்த இம்மக்களுக்குப் பேராக், பினாங்கு என்ற வேறுபாடு தொடக்கத்தில் பொருளற்றதாகவே இருந்திருக்கும். அவர்களுக்குத் தோட்டத்தின் பெயரே ஊர், துரையே அரசு.

மாநிலப் பற்றை வளர்த்தது ஒரு போர்க் கப்பல் என்றால் வியப்பாக இருக்கும். 1912இல் பேராக் சுல்தான் இத்ரிஸ் முன்னின்று எழுப்பிய யோசனையின்படி, ஐக்கிய மலாய் நாடுகள் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க் கப்பலை அன்பளிப்பாக வழங்கின. செலவு ஏறக்குறைய 29 லட்சம் பவுன். அப்பணம் ஈயத்திலும் ரப்பரிலும் விளைந்த நாடுகளின் வருவாயிலிருந்து வந்தது; ஆகவே சீனச் சுரங்கத் தொழிலாளியும் தமிழ்ப் பால்மரத் தொழிலாளியும் சிந்திய வியர்வை அக்கப்பலின் இரும்பில் கலந்திருந்தது எனல் மிகையாகாது. ‘மலாயா’ எனப் பெயரிடப்பட்ட அக்கப்பல் 1916இல் ஜட்லாந்து கடற்போரில் கலந்துகொண்டது. 1921இன் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்தபோது மாலுமிகள் உள்ளூராரோடு விளையாடி மகிழ்ந்தனர். அந்நன்றிக்கு அறிகுறியாகக் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கிண்ணங்களை அளித்தனர். அதுவே மலாயாக் கிண்ணம்.

அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த முதல் ஆட்டத்தில் சிலாங்கூர் பினாங்கை 5–1 என வென்றது. இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2–1 என வென்று கிண்ணத்தைப் பெற்றது. ஆட்டங்கள் வடபகுதி, தென்பகுதி எனப் பிரித்து நடத்தப்பட்டமையால், பேராக்கும் பினாங்கும் ஒன்றையொன்று வீழ்த்தாமல் மேலே செல்ல இயலாது. அண்டை வீட்டாரின் வழக்கு ஆண்டுதோறும் தவணை தவறாமல் விசாரணைக்கு வந்தது போலாயிற்று! பேராக் 1926இலும் 1931இலும் கிண்ணத்தை வென்றது. நாடு விடுதலை பெற்ற 1957இல் சிங்கப்பூரை 3–2 என வென்று மீண்டும் பெற்றது. பினாங்கு 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. 1967இல் கிண்ணம் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிற்று. அவ்வாண்டும் 1970இலும் பேராக்கே வென்றது. 1974 இறுதியாட்டத்தில் பினாங்கும் பேராக்கும் நேருக்கு நேர் மோதின. பினாங்கு 2–1 என வென்றது. நெடுங்காலம் கிண்ணமின்றி இருந்த கெடா 1990இல் முதன்முறையாக வென்றது. 2007 இறுதியாட்டத்தில் பேராக்கை 3–0 என முறியடித்தது. 1818ஐ நினைத்து எவரும் அன்று பந்தை உதைக்கவில்லை என்பது உண்மையே. எனினும், அந்த இரு கொடிகளும் எதிரெதிரே நிற்பதற்கு வேண்டிய எல்லையை வரைந்தவை அந்தப் பழைய பூசல்களே.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. அக்காலத்தில் காற்பந்து இன வாரியாகவும் நடந்தது. 1922இல் தொடங்கிய அரசர் தங்கக் கிண்ணம் மலாய்க்காரர்களுக்கு உரியது. சீனர்களும் இந்தியர்களும் தத்தமக்கெனச் சங்கங்களும் போட்டிகளும் வைத்திருந்தனர். தனித்தனி லயம், தனித்தனிப் பள்ளி, தனித்தனிப் பந்து. மாநிலச் சட்டையில் மட்டுமே மூவினத்தாரும் ஒரு குழுவாக நின்றனர். சிலாங்கூரின் வலைக்காவலர் ஆறுமுகத்தை நீண்ட கைகளுக்காக ‘சிலந்தி மனிதன்’ என அனைத்து இனத்தாரும் அழைத்துக் கொண்டாடினர். 1988இல் கார் விபத்தில் அவர் மறைந்தபோது துயரம் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தோட்டத் திடலில் வெறுங்காலோடு ஆடிய சிறுவனுக்கு, அடையாள அட்டையில் எழுதப்பட்ட மாநிலத்தின் பெயர் தன்னுடையதுதான் என்று முதலில் உணர்த்தியது வானொலியில் கேட்ட ஆட்ட வருணனையாக இருக்கக்கூடும். பகைமை என்று இகழப்படும் ஒன்று உரிமையுணர்வின் மறுபக்கமாக இருந்ததை வரலாற்று நூல்கள் போதிய அளவு பதிவு செய்யவில்லை.

சிங்கப்பூர் 1994இல் லீக்கையும் கிண்ணத்தையும் ஒருசேர வென்றபின் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. சிலாங்கூர் 33 முறையும் சிங்கப்பூர் 24 முறையும் கிண்ணத்தை வென்ற அந்த நெடிய வழக்கு அத்தோடு பெரும்பாலும் அடங்கிற்று. 2013 முதல் ஜோகூர் தன் வலிமை முழுவதையும் ஒரே கழகத்தில் திரட்டி, 2014 தொடங்கி லீக் பட்டத்தைத் தொடர்ந்து கைப்பற்றி வந்துள்ளது. மாநிலச் சங்கங்கள் தனியார் கழகங்களாக மாற்றப்பட்டன. சம்பளப் பாக்கி என்ற சொல் விளையாட்டுப் பக்கங்களில் வழக்கமான சொல்லாயிற்று. திரெங்கானுவைப் பெனால்டி உதைகளில் வென்று 2018இல் தன் எட்டாவது கிண்ணத்தைப் பெற்ற பேராக், 2025இல் நிதி நெருக்கடியால் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. கெடாவுக்கு அதே ஆண்டில் உரிமம் மறுக்கப்பட்டது. கிரியான் ஆற்றங்கரையில் சந்திக்கும் மூன்று மாநிலங்களுள் 2025–26 பருவத்தின் சூப்பர் லீக்கில் இடம்பெற்றது பினாங்கு ஒன்றுதான்.